துடக்கு வீட்டுக்கு வந்த குடியுரிமை

1

என் மனைவி நிர்மலாவின் மூன்றாவது திவசத்தன்று, பாயாசம் பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில், கனடா அரசாங்கம் குடியுரிமை விதிகளை மாற்றப்போகிறது என்ற செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் செல்வம் அண்ணை. நிர்மலாவின் தமக்கை மலர் அக்காவின் கணவர். ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். அண்ணை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தமிழ் வானொலிகள் எல்லாவற்றையும் கேட்கிறார். கேட்டதில் பாதியையும் கேளாததில் மீதியையும் சேர்த்து எங்களுக்குத் தருகிறார்.

"இனி லேசில சிற்றிசன் எடுக்கேலாதாம்," என்றார், இலையை மடித்துக்கொண்டே. "இருக்கவேண்டிய வருசத்தைக் கூட்டப்போகினமாம். அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் ரெஸ்ற் எழுதோணுமாம். ஒருக்கா சத்தியப்பிரமாணத்துக்குக் கூப்பிட்டு வராமல் விட்டவை, பிறகு வாழ்நாளுக்கும் விண்ணப்பிக்கேலாதாம்."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பந்தியில் இருந்த மற்ற எல்லோரும் பார்த்தார்கள். மலர் அக்கா மட்டும் பாயாச வாளியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாயாசத்தில் சவ்வரிசி கூடிவிட்டது என்று மட்டும் நினைத்தேன்.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். இங்கே வந்து இருக்க அனுமதி கிடைத்ததும் ஒரு அட்டை தருவார்கள். அதை எல்லோரும் பீஆர் காட் என்போம். அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், வீடு வாங்கலாம், வரி கட்டலாம், நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். வாக்குப் போட முடியாது. கனடா பாஸ்போட் கிடைக்காது. சில வருடங்கள் இருந்த பிறகு விண்ணப்பித்து, ஒரு சோதனை எழுதி, சத்தியப்பிரமாணம் செய்தால்தான் அவை இரண்டும். நானும் நிர்மலாவும் இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடிக்கொண்டிருந்ததில் "பீஆர் இருக்குத்தானே, பிறகு பார்ப்பம்" என்று வருடக்கணக்காக விட்டுவிட்டோம். மகள் சிந்து பல்கலைக்கழகத்துக்குப் போனதும் தன் அலுவலைத் தானே பார்த்துக் குடியுரிமை எடுத்துக்கொண்டாள். பிறகு எங்களைப் பிடித்து இருத்தி எங்களுக்கும் விண்ணப்பித்தாள்.

சோதனைக்கு இருவரும் சேர்ந்துதான் படித்தோம். நிர்மலா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தாள். வீட்டிலும் அடுப்படியில் நின்றபடி மாகாணங்களின் பெயர்களைக் கிழக்கிலிருந்து மேற்காகச் சொல்லுவாள். நான் ஒன்றைத் தவறவிட்டால் அகப்பையைக் காட்டுவாள். இருவரும் சித்தியடைந்தோம், அவளுக்கு என்னைவிடக் கூட மதிப்பெண். அதை அவள் வீட்டுக்கு வந்த ஒருவருக்கும் சொல்லாமல் விடவில்லை.

ஐம்பத்தைந்து வயதானால் சோதனை இல்லை என்பது இப்போதுள்ள விதி. எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது. அதனால்தான் அண்ணையின் செய்தி மற்றவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. எல்லை கூடினால் நான் மறுபடி முதலிலிருந்து படித்து எழுத வேண்டும். தனியாக உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் திறப்பது என்னால் முடியாத காரியம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கார் உதிரிப்பாகங்கள் அனுப்பும் களஞ்சியம் ஒன்றில் எனக்கு வேலை. அங்கேயும் இதே பேச்சுத்தான். ரெக்ஸ்டேலிலிருந்து வரும் பஞ்சாபி நண்பர் ஒருவர், சோதனையை இனி நேர்முகமாக வைக்கப்போகிறார்கள், அதிகாரி எதிரே இருந்து கேள்வி கேட்பார் என்றார். அரசாங்க இணையத்தளத்தைத் திறந்து பார்த்தேன். பழைய விதிகள் அப்படியே இருந்தன. அதை அண்ணைக்குப் போனில் சொன்னேன்.

"உதிலை போடமாட்டினம்," என்றார் அண்ணை. "போட்டா எல்லாரும் ஓடிப்போய் விண்ணப்பிச்சுப் போடுவினம். திடீரெண்டு ஒரு நாள் அறிவிப்பினம், அப்ப இருந்து பாரும்."

தளத்தில் இல்லாததே செய்தி உண்மை என்பதற்கு அத்தாட்சி ஆகிவிட்டது. அதற்கு மேல் அவரோடு வாதிட எனக்குத் தெம்பில்லை.

3

நிர்மலா ஒரு செவ்வாய்க்கிழமை வேலையிடத்தில் தலையிடிக்கிறது என்று கதிரையில் உட்கார்ந்தாள். பிறகு எழும்பவில்லை. மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு மின்னஞ்சல் வந்தது. எங்கள் இருவரையும் சத்தியப்பிரமாணத்துக்கு அழைத்திருந்தார்கள். அவளுடைய பெயர் முதலில், என்னுடையது அடுத்ததாக. அவள் இறந்தது அந்தப் பக்கத்துக்கு இன்னும் தெரியாது. மண்டபத்துக்குப் போகத் தேவையில்லை. குறித்த நேரத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, வலது கையை உயர்த்தி, அவர்கள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். திகதி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்னதாக விழுந்தது. சாவுத் தீட்டில் வீடு துடக்கு.

துக்கம் விசாரிக்க வந்திருந்தவர்கள் கதிரைகளைக் கிட்ட இழுத்துப்போட்டுக்கொண்டு இதை ஆராய்ந்தார்கள்.

"உது கவுண்மேந்து அலுவல்," என்றார் செல்வம் அண்ணை. "கலியாணமே, காதுகுத்தே? துடக்குக்கும் உதுக்கும் என்ன?"

"பட்டுச் சீலை உடுத்து, கேக் வெட்டி, படமெடுத்து எல்லாருக்கும் அனுப்புறியள்," என்றார் மலர் அக்கா. "பிறகு நல்ல காரியம் இல்லையெண்டால்? துடக்கோட தொடக்கினது விளங்குமே?"

"கோயிலிலயே செய்யினம்? வீட்டுக்குள்ள, கொம்பியூட்டரில."

"அதைத்தான் நானும் சொல்லுறன். துடக்கு வீட்டுக்குள்ளதானே இருக்கு."

யாரோ ஐயருக்குப் போன் எடுத்தார்கள். "உதுக்கு எங்கட பஞ்சாங்கத்தில இடமில்லை," என்றார். "எதுக்கும் தள்ளி வையுங்கோவன்."

அக்காவை நான் குறை சொல்லவில்லை. தங்கையைப் பறிகொடுத்த அந்த நாட்களில் எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொள்ள அவருக்கும் ஏதாவது வேண்டியிருந்தது. என்னை யாரும் கேட்கவுமில்லை, கேட்டிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவுமில்லை. தள்ளி வைப்பதென்றால் அவர்களுக்குக் காரணம் சொல்லி எழுத வேண்டும். எங்கள் வீட்டில் இப்படியான மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுகிறவள் நிர்மலா. ஆகவே யாரும் எழுதவில்லை.

பல வாரங்கள் கழித்து சிந்துதான் நடந்ததை எழுதி, மன்னிப்புக் கேட்டு, எனக்கு மட்டும் இன்னொரு திகதி வாங்கினாள். அவள் அப்போது திருமணமாகி அமெரிக்காவில், மிச்சிகனில் இருந்தாள். துடக்கு என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "ஐ ஜஸ்ட் செட் பியூனரல், அப்பா," என்றாள்.

அந்த நாள் காலையில் குளித்தேன். சேட் அழுத்திப் போட்டுக்கொண்டேன். மலர் அக்காவே வந்து திருநீறு பூசிவிட்டுப் போனார். கணினியைத் திறந்து, அனுப்பியிருந்த இணைப்பை அழுத்தினேன். திரை முழுவதும் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குடும்பம். ஒரு பெட்டியில் ஒரு பெண் தன் கணவரின் கன்னத்தில் ஒட்டியிருந்த எதையோ விரலால் துடைத்துவிட்டாள். அவர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை, கன்னத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் கணினியை மூடினேன். சேட்டைக் கழற்றிக் கொழுவினேன். மத்தியானம் வேலைக்குப் போனேன். ஏன் மூடினேன் என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அழுகை வந்தது என்று சொன்னால் நம்பியிருப்பார்கள், ஆனால் வரவில்லை. கை போய் மூடியது, அவ்வளவுதான். சில மாதங்களில் என் கோப்பை மூடிவிட்டதாக அறிவித்தார்கள். அது சரியாகத்தான் பட்டது.

4

இந்தத் திவசத்துக்குச் சில மாதங்கள் முன்பு, சிந்து பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்ததும் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தேன். தாய் இருந்தால் பேறு பார்க்கத் தாய் போவாள். இல்லாத இடத்தில் தகப்பன் போனால் என்ன? எனக்குச் சமைக்கத் தெரியும், பிள்ளையைத் தூக்கத் தெரியும். நேர்முகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். இத்தனை வருடம் கனடாவில் இருக்கிறீர்களே, ஏன் இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை என்று கேட்டார்.

என் மனைவி இறந்துவிட்டாள் என்றேன்.

வருந்துகிறேன் என்றார். அவர் கேட்டதற்கு அது பதிலில்லை என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. வேறு பதில் தேடினேன். தமிழில் இருந்தது, ஆங்கிலத்தில் வரவில்லை. விசா இல்லை என்று ஒரு தாளை நீட்டினார்.

அன்று பின்னேரம் சிந்துவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"இட்ஸ் ஓகே, அப்பா. ஐ ஆம் நொட் ஆங்ரி," என்றாள். பிறகு, "அம்மாவால வரேலாது. தட் ஐ கான் அக்செப்ட். நீங்கள் வரலாம். யூ ஜஸ்ட் குளோஸ்ட் த கொம்பியூட்டர்," என்றாள்.

ஆங்கிலத்தில் சொன்னதால் அது குறைவாகச் சுட்டது என்று அவள் நினைத்திருக்கக்கூடும். அவளுடைய தமிழ் முன்பெல்லாம் இன்னும் நீளமாக இருந்தது. தாய் போன பிறகு அதுவும் கட்டையாகிக்கொண்டு வருகிறது. என்னோடு தமிழில் தொடங்குகிறாள், மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் மாறிவிடுகிறாள்.

5

திவசம் முடிந்து ஒரு மாதத்துக்குள் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. சத்திரசிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். மருமகன் தினேஷ்தான் போனில் செய்தி சொன்னான். சிந்துவுக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வந்ததாம், இப்போது பயமில்லையாம்.

மூன்று நாட்கள் கழித்து நான் மலர் அக்காவின் வீட்டுக்குப் போய், பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத் தூள் திரித்து வாங்கிக்கொண்டு வந்தேன். மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, மஞ்சள். அவர் போனில் சொல்லச் சொல்ல நான் சரக்குக் கறி வைத்தேன், பால் சுரக்கப் பால்சுறா மீன் வாங்கி வறை வறுத்தேன்.

"உள்ளிப்பூண்டைக் குறைக்காதையும்," என்றார். "பால் வேணும் பிள்ளைக்கு." கொஞ்சம் பொறுத்து, "நான்தான் அண்டைக்கு மறிச்சனான், என்ன?" என்றார்.

"அதில்லை அக்கா. இரண்டாந்தரம் ஒருத்தரும் மறிக்கேல்லை," என்றேன்.

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சாப்பாட்டைப் பெட்டிகளில் அடைத்து, குளிர்ப்பையில் வைத்துக்கொண்டு வின்ட்சர்வரை கார் ஓடினேன். ரொறன்ரோவிலிருந்து நாலு மணித்தியாலம், நேர் வீதி. வின்ட்சரோடு கனடா முடிகிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. தினேஷ் வைத்தியசாலையிலிருந்து சுரங்கப் பாதையால் காரில் வந்தான். அவனுக்கு அது கடைக்குப் போய் வருவது மாதிரி. ஆற்றங்கரைப் பூங்காவின் கார்த் தரிப்பிடத்தில் சந்தித்தோம். பனி முழுதாகக் கரைந்திருக்கவில்லை, காற்று முகத்தை அறைந்தது.

"மாமா, போடரில என்ன எண்டு கேப்பினம்," என்றான், பையைப் பார்த்து.

"மீன் எண்டு சொல்லுங்கோ. பொய்யில்லை."

"இட் ஸ்மெல்ஸ் அமேஸிங்," என்றான். அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளை, நல்லவன். என்னைக் கட்டிப்பிடித்தான். அவனுக்குத் தூக்கமில்லை, சேட்டில் குழந்தை கக்கிய கறை இருந்தது. அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வைத்தியசாலை எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஆற்றுக்கு அப்பால் உயர்ந்த கட்டடங்களைக் காட்டி, அவற்றுக்குப் பின்னால் என்றான். ஒரு சரக்குக் கப்பல் மெதுவாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

பிறகு வீடியோவில் சிந்துவை எடுத்துத் தந்தான். ரொறன்ரோவில் இருந்து பார்த்தாலும் அதே போன், அதே முகம்தான். ஆனாலும் அவ்வளவு கிட்ட நின்று பார்ப்பது எனக்கு வேறாக இருந்தது. முகம் வெளிறிக் கிடந்தது. குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். நெற்றி நிர்மலாவின் நெற்றி.

"சாப்பாடு குடுத்துவிட்டிருக்கிறன், பிள்ளை. சூடாக்கிச் சாப்பிடு."

"நீங்களோ சமைச்சது?"

"ஓம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்பா, தினேஷ் சொன்னவரோ? ஜூன்ல டெக்சஸ் போறம். ஹிஸ் ஜொப் இஸ் மூவிங்."

தினேஷ் காலால் பனியைக் கிளறிக்கொண்டு நின்றான். எனக்குச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை போலும். டெக்சஸ் என்றால் ஆற்றங்கரையில் வந்து சாப்பாடு வாங்கிப் போகிற தூரமில்லை.

"இவள் நடக்கேக்க நீங்கள் பாக்கோணும்," என்றாள் சிந்து. முழுவதும் தமிழில் சொன்னாள். "ஒவ்வொரு முறையும் நாங்களே தூக்கிக்கொண்டு வரேலாது. அப்பா, தயவுசெய்து."

பிள்ளை தகப்பனிடம் தயவுசெய்து என்று கேட்டது எனக்கு வெட்கமாக இருந்தது. சரி என்றேன். தினேஷ் பையைப் பின் இருக்கையில் வைத்து, இருக்கைப் பட்டியைச் சுற்றி மாட்டி, கையசைத்துவிட்டுப் போனான். அவனுடைய கார் சுரங்கப் பாதை பக்கமாகத் திரும்பி மறைந்தது. நான் எனது காரை எதிர்ப்பக்கம் திருப்பினேன்.

6

அடுத்த சனிக்கிழமை வேலை இல்லை. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. நானே வீட்டிலிருந்து நிரப்பலாம், எத்தனையோ தடவை திறந்தும் பார்த்தேன், முதல் பக்கத்துக்கு மேல் போகவில்லை. ஆளுக்கு முன்னால் உட்கார்ந்தால் நடுவில் எழுந்து போக முடியாது என்று நினைத்துத்தான் போனேன்.

படிக்கட்டுவரை சனம். வதந்தி வேலை செய்திருந்தது. அப்பம் வாங்க நிற்கிறவர்கள் மாதிரிக் கடுதாசிப் பைகளோடு நின்றார்கள். முன்னால் நின்றவர் அடுத்த மாதம் முதலாந்திகதியோடு கதவை இழுத்து மூடப்போகிறார்கள் என்றார். பின்னால் நின்றவர், இல்லை, இந்த மாதக் கடைசி என்றார். நான் யாரையும் மறுக்கவில்லை. ஒருமுறை விட்டவர்களுக்கு இனி இல்லை என்பது உண்மையானால் உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதை மட்டும் கேட்க வேண்டும் என்று இருந்தேன். சிந்துவின் முகம் மனதில் வந்து வந்து போனது.

என் முறை வந்தது. மேசையில் சிந்துவின் வயதில் ஒரு பிள்ளை.

"ஒருக்கா கூப்பிட்டு நான் போகேல்லை, பிள்ளை. கோப்பை மூடிப்போட்டினம். இனி ஏலாதெண்டு கதைக்கினம்."

"அப்பிடி ஒண்டும் இல்லை அங்கிள். புதுசாப் போடலாம். உங்கட வயசுக்கு ரெஸ்ற்றும் இல்லை. எல்லாரும் சும்மா பயப்பிடுத்தியினம்," என்று சிரித்தாள். "தனியவோ, குடும்பமாவோ?"

"குடும்பமா," என்றேன்.

என்னுடைய பெயரை அடித்தாள். பிறந்த திகதியைக் கேட்டு அடித்தாள். "மற்ற ஆளின்ர பேர்?"

"நிர்மலா."

அடித்தாள். பிறந்த திகதி கேட்டாள், சொன்னேன். அதையும் அடித்தாள். எனக்கு எதுவும் பிழையாகப் படவில்லை. பழக்கமான ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பது போல, மூன்று வருடத்தில் இல்லாத ஒரு இலேசுகூட மனதில் இருந்தது.

"அவவின்ர பீஆர் காட்டைத் தாங்கோ அங்கிள்."

கை சட்டைப்பைக்குள் போனது. அங்கே என்னுடையது மட்டும்தான் இருந்தது. அதைத் தொட்டபடி சற்று நேரம் இருந்தேன்.

"அவ இல்லை, பிள்ளை," என்றேன். "மோசம் போட்டா. மூண்டு வருசம்."

அந்தப் பிள்ளை விசைப்பலகையில் விரலை வைத்தாள். திரை பாதி என் பக்கம் திரும்பியிருந்தது. ஒரேயடியாக அழித்திருக்கலாம், அவள் அப்படிச் செய்யவில்லை. கடைசி எழுத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அழித்தாள். பெயர் குறைந்துகொண்டே வந்தது. முதல் எழுத்து மட்டும் மிஞ்சியபோது விரலை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அப்போதுதான் அழுதேன். செத்த வீட்டில் அழாதவன், சுடலையில் அழாதவன், முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கு முன்னால், வரிசையில் நின்ற அத்தனை சனமும் பார்க்க, மேசையில் தலையை வைத்துச் சத்தம் போட்டு அழுதேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. யாரோ தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள்.

அவள் காத்திருந்தாள். நான் நிமிர்ந்து முகத்தைத் துடைத்த பிறகு, மெல்ல அடுத்ததைக் கேட்டாள்.

"இப்ப இருக்கிற அட்ரஸைச் சொல்லுங்கோ, அங்கிள்."

சொன்னேன்.